நிழலை விற்றவரும் குரலை எழுதியவர்களும்

சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண்மணியை, அவர் சொன்னார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாத ஒரு வாக்கியத்துக்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 'நான் ஒரு பெண்ணில்லையா?' என்பது அந்த வாக்கியம். ஆங்கிலத்திலிருந்து அது தமிழுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மேடையில் சொல்ல ஏற்ற வாக்கியம்தான். சொன்ன உடனே கைதட்டல் எழும். ஆனால், தாமே தெரிந்தெடுத்து, தம் பெயரோடு அச்சிட்டு, ஊரூராகக் கொண்டு சென்று தம் கையாலேயே விற்ற வேறொரு வாக்கியம் அவருக்கு உண்டு. அது அவருடைய நிழற்படத்தின் அடியில் இருக்கிறது. அதை ஏன் நாம் தேடிப் படிக்கவில்லை என்பதே என்னுடைய கேள்வி. இதை ஒரு சிறிய தகவற் பிழையாகக் கொள்ள என்னால் முடியவில்லை. எழுதத் தெரியாதவரின் வாயில் எழுதத் தெரிந்தவர் சொல்லைத் திணிக்கும் பழைய பழக்கம் ஒன்று இதற்குள் இருக்கிறது. அந்தப் பழக்கம் பகைவரைவிட நண்பரிடமே அதிகம்.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். அமெரிக்க அடிமை என்றதும் தென்மாநிலத்துப் பருத்தித் தோட்டமே எமது கண்ணில் வரும். இவர் பிறந்தது வடக்கே, நியூயோர்க் மாநிலத்தின் அல்ஸ்டர் பகுதியில், 1797ஆம் ஆண்டளவில். இட்ட பெயர் இசபெல்லா. எசமானர்கள் ஒல்லாந்தர் வழியினர். ஆதலால் அவர் முதலிற் பேசிய மொழி டச்சு. ஏறத்தாழ ஒன்பது வயதில் ஒரு செம்மறி மந்தையோடு சேர்த்து 100 டொலருக்கு விற்கப்பட்டார். வாங்கிய வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். சொன்னது புரியாததற்கு அடி. அந்தத் தழும்புகள் ஆயுள்வரை உடம்பில் இருந்தன. பின்னர் இன்னும் இருமுறை கைமாறி, 1810இல் டியூமொன்ட் என்பவரிடம் வந்து சேர்ந்தார்.

நியூயோர்க் மாநிலச் சட்டப்படி 1827 யூலை 4ஆம் திகதி அடிமைகள் விடுதலையாக வேண்டும். ஒழுங்காக வேலை செய்தால் ஒரு வருடம் முன்னதாகவே விடுவேன் என்று டியூமொன்ட் வாக்குக் கொடுத்திருந்தார். நாள் வந்ததும் மறுத்துவிட்டார். இசபெல்லாவின் கையில் காயம் பட்டிருந்ததாம், வேலை குறைந்துவிட்டதாம். அவர் எசமானின் கடனைத் தீர்ப்பதுபோல ஏறத்தாழ 100 இறாத்தல் கம்பளி நூலை நூற்றுக் கொடுத்துவிட்டு, 1826இன் பிற்பகுதியில் ஒரு விடியற்காலை கைக்குழந்தையோடு நடந்து வெளியேறினார். அந்தக் கையையும் கம்பளியையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; படத்துக்கு வரும்போது இவை தேவைப்படும்.

அவருடைய சிறிய மகன் பீற்றர் சட்டத்துக்கு மாறாக மாநிலத்துக்கு வெளியே, தெற்கே அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். எழுத்து வாசனை இல்லாத இந்தத் தாய் கிங்ஸ்டன் நீதிமன்றத்தின் படியேறி வழக்காடி, 1828இல் பிள்ளையை மீட்டார். வெள்ளையருக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்ற முதற் கறுப்பினப் பெண்களுள் ஒருவர் அவர். 1843இல் தம் பெயரைத் தாமே மாற்றினார். சோஜர்னர் என்றால் தங்கித் தங்கிச் செல்லும் வழிப்போக்கர். ட்ரூத் என்றால் சத்தியம். எசமானர் வைத்த பெயரைக் கழற்றிவிட்டுப் போதகராக, அடிமை ஒழிப்புப் பேச்சாளராக, பெண்ணுரிமைப் பேச்சாளராக ஊரூராய் நடந்தார்.

இனி அந்த வாக்கியத்தின் கதைக்கு வருவோம். 1851 மே மாதம் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் சோஜர்னர் ட்ரூத் பேசினார். அந்த மாநாட்டில் இருந்து குறிப்பெடுத்த மேரியஸ் ரொபின்சன் அடுத்த மாதமே, யூன் 21ஆம் திகதி, தமது பத்திரிகையில் அப்பேச்சை வெளியிட்டார். உழுதேன், அறுத்தேன், எந்த ஆணுக்கும் குறையாத தசைவலு எனக்குண்டு என்கின்ற பேச்சு அதில் இருக்கிறது. நகைச்சுவை இருக்கிறது, வேத வசனத்தை எதிராளியின் பக்கமே திருப்பிவிடும் சாமர்த்தியம் இருக்கிறது. 'நான் ஒரு பெண்ணில்லையா' மட்டும் இல்லை. ஓரிடத்திலும் இல்லை.

அது முதன்முதலில் அச்சில் வந்தது பன்னிரண்டு வருடம் கழித்து, 1863இல். எழுதியவர் அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சஸ் டேனா கேஜ் என்ற வெள்ளையின எழுத்தாளர். அவருடைய கட்டுரையில் அந்தக் கேள்வி பல்லவிபோல் நான்கு தடவை திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சு முழுதும் தென்மாநில அடிமைகளின் கொச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. தென்மாநிலத்தில் ஒருநாளும் வாழ்ந்திராத, டச்சு மொழியில் வளர்ந்த ஒருவர் அந்தக் கொச்சையை எங்கே கற்றார்? தமக்குப் பதின்மூன்று பிள்ளைகள் என்று அவர் சொன்னதாகவும் கேஜ் எழுதுகிறார். பெற்றது ஐந்து. தன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளின் தொகையைத் தப்பாகச் சொல்லும் தாய் எங்காவது உண்டா?

பாடசாலையிலே சொல்வதெழுதல் என்று ஒரு பாடம் வைக்கிறோம். சொன்னதை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதை எழுதும் பிள்ளைக்கு, கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், நாம் புள்ளி போடுவதில்லை. கேஜ் அம்மையாருக்கு மட்டும் உலகமே முழுப் புள்ளி போட்டிருக்கிறது. இந்த வேறுபாடுகள் அண்மையில் யாரோ தோண்டியெடுத்த இரகசியமுமல்ல. நெல் இர்வின் பெயின்டர் என்ற கறுப்பின வரலாற்றாசிரியை 1996இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில் இவற்றை விரிவாகவே ஆராய்ந்துள்ளார். அதற்குப் பின்னரும் அந்த வாக்கியத்தின் செல்வாக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேஜ் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அடிமைமுறையின் எதிரிதான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கறுப்பினத்தவருக்காக ஆதரவு திரட்டவேண்டிய தேவை இருந்தது. அதே 1863 ஏப்ரலில் 'அட்லாண்டிக் மந்த்லி' சஞ்சிகையில், டொம் மாமாவின் கதையை எழுதிப் புகழ்பெற்ற ஹரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையாரும் இவரைப்பற்றி எழுதினார். அதிலும் அதே கொச்சை. இவர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் என்றும் ஓரிடத்தில் வருகிறது. அது மட்டுமா? அவர் காலமாகிவிட்டார் என்றே எழுதிவிட்டார். காலமானதாக எழுதப்பட்டவர் அதற்குப் பின் இருபது வருடம் உயிரோடிருந்து 1883 நவம்பர் 26ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்து பட்டில் கிறீக்கில் இறந்தார். இரண்டு நண்பர்கள் ஒரே மாதத்தில் செய்த காரியம் இது: ஒருவர் இல்லாத பிள்ளைகளைக் கொடுத்தார், மற்றவர் இருந்த உயிரை எடுத்தார்.

சோஜர்னர் ட்ரூத் இதைக் கேட்டுவிட்டு வாளாவிருந்தாரா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதே வருடம் யூலையில் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்றில் அவர் சொல்லி எழுதுவித்த மறுப்பு வந்தது. ஸ்டோவ் எழுதியது சரியல்ல. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் தம் பாட்டியும் தம் கணவரின் தாயும்தான், தாமல்ல. சரியான வரலாறு வேண்டுமாயின் தமது புத்தகத்தைப் பாருங்கள் என்பது அதன் சாரம். 1850இல் ஒலிவ் கில்பேட் என்ற பெண்மணியிடம் சொல்லி எழுதுவித்த தம் வாழ்க்கை வரலாற்றையே அவர் புத்தகம் என்றார். மறுப்பும் கொடுத்து, விற்பனைக்கும் வழி செய்துகொண்ட சாதுரியத்தை இரசிக்காமல் இருக்க முடியவில்லை. 1879இல் மிச்சிகன் பத்திரிகையொன்று இன்னும் தெளிவாகவே சொல்லிற்று: இந்த அம்மையார் தமது ஆங்கிலம் ஓரளவு திருத்தமானது என்பதில் பெருமை கொள்பவர், தென்மாநிலக் கொச்சையை அவர் வாயில் வைத்து எழுதுவதை அவர் நியாயமாகக் கருதவில்லை. ஆக, கொச்சை வேண்டாம் என்று உரியவர் சொல்லிவிட்டார். உரியவர் சொன்னதை மீறித்தான் உலகம் அந்தக் கொச்சையைக் கொண்டாடுகிறது.

இவ்விடத்தில் எமது வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேச்சுவழக்கை இழிவென்கிறானா இந்த வாத்தியார் என்று கேட்பார்கள். இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் எள்ளியபோது, எமது மக்களின் வாய்மொழியை இலக்கியத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களின் வழியிலே வந்தவர்கள் நாம். அந்தச் சண்டையை நான் மறக்கவில்லை. அதனாற்றான் சொல்கிறேன்: அங்கே எழுதியவர்கள் தம்முடைய பேச்சை, தம்முடைய உம்மாவின் பேச்சை, தம்முடைய அயலின் பேச்சை எழுதினார்கள். காதால் கேட்டதை எழுதினார்கள். இங்கே நடந்திருப்பது, கறுப்பி என்றால் இப்படித்தான் பேசுவாள் என்று வெள்ளையர் மனத்திலே வரைந்து வைத்திருந்த பேச்சை, அப்படிப் பேசாத ஒருவருக்குப் பூட்டிவிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தகாது. நாளை இவரைத் தமிழில் எழுதப்போகும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், 'மண்வாசனை'க்காகத் தோட்டத்துத் தமிழையோ கடற்கரைத் தமிழையோ இவர் வாயில் வைப்பாராயின் அது கேஜ் செய்ததன் மறுபதிப்பு. லிங்கனுக்கு 'அவர்' போடும் பேனா இவரிடம் வரும்போது 'அவள்' ஆகிவிடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

நண்பர்கள் இருவர் இப்படி எழுதிய அதே 1863இலே அவர் கமராவின் முன் போய் உட்கார்ந்தார். அப்போது வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். சீட்டுக்கட்டின் சீட்டைவிடச் சற்றுப் பெரிதான அட்டையில் ஒட்டிய சிறிய படங்கள் அக்காலத்தில் பெருவழக்காக இருந்தன. 'காட் டி விசிட்' என்ற பிரெஞ்சுப் பெயரால் அவற்றை அழைத்தார்கள். மலிவு, தபாலில் அனுப்பலாம், வீடுகளில் அல்பத்தில் சேர்க்கலாம். போர்க்களம் போன பிள்ளையின் படத்தை வைத்திருக்காத வீடு அப்போது அருமை.

மிகப் பரவலான படத்தில் அவர் ஒரு சிறிய மேசையருகே கதிரையில் அமர்ந்திருக்கிறார். தலையில் வெள்ளைத் தொப்பி. தோளில் வெள்ளைச் சால்வை. கறுத்த நெடிய பாவாடை. மூக்குக்கண்ணாடி. மேசைமேல் பூக்கள், பக்கத்தில் திறந்த புத்தகம். கையிலே பின்னல் ஊசியும் கம்பளி நூலும். நூலின் இழை மடியின் குறுக்கே வளைந்து கிடக்கிறது. முகத்திலே சிரிப்பில்லை, கெஞ்சலும் இல்லை. நேரே எம்மைப் பார்க்கிறார்.

வேலைக்கு உதவாது என்று சொல்லி விடுதலையை மறுத்தாரே எசமான், அந்தக் கைதான் அது. எசமானுக்காக 100 இறாத்தல் நூற்ற அதே கம்பளிதான் அது. இப்போது நூலும் கையும் அவருடையவை. அவர் இந்த நினைப்போடுதான் நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அவர் சொல்லி எழுதுவித்த புத்தகத்தைப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்ப்பவர் அந்தக் கையைத் தாண்டிப் போக முடியாது. வேறொரு படத்தில் அவர் மடியில் இன்னொரு சிறிய படம் இருக்கிறது. அது அவருடைய பேரன் ஜேம்ஸ் கோல்ட்வெல். கறுப்பினப் படைவீரர்களின் 54ஆவது மசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, 1863 யூலையில் எதிரிகளிடம் சிறைப்பட்டவர். படத்துக்குள் ஒரு படம். போர்க்கைதியான பேரனை மடியில் வைத்திருக்கும் பாட்டி. இதைவிடக் காத்திரமான ஓர் உரையை அக்ரன் மேடையிலே கேஜ் எழுதிக் கொடுத்திருக்க முடியுமா?

படத்தின் அடியில்தான் நான் முதலிற் சொன்ன வாக்கியம் வருகிறது. நிழலை விற்று உடலைப் பேணுகிறேன் என்பது அதன் கருத்து. கீழே அவர் பெயர். ஆங்கிலத்திலே நிழலும் பொருளும் என்பது ஓர் எதிரிணை. நிழற்படக்காரர்கள் நெடுங்காலமாகத் தம் விளம்பரத்தில் அதைப் பயன்படுத்தி வந்தார்கள்: பொருள் அழியுமுன் நிழலைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்களுடைய கூவல். சாகக்கிடப்பவரைப் படமெடுக்க வருமாறு உறவினரை அழைக்கும் வியாபார வாசகம். இந்த அம்மையார் அதைப் பிடுங்கித் தலைகீழாக்கினார். மூன்று தடவை விலைபேசப்பட்ட உடல் அது. இப்போது உடலுக்குரியவர் நிழலுக்கு மட்டும் விலை வைக்கிறார், வரும் காசும் அந்த உடலுக்கே. தமிழிலே நாம் நிழற்படம் என்ற சொல்லை நாளாந்தம் புழங்குகிறோம். அதற்குள் இருக்கும் நிழல் எமக்குத் தெரிவதில்லை. இவ்வாக்கியத்தை ஆங்கிலத்தைவிட இயல்பாகச் சொல்ல வல்லது எமது மொழி. அப்படியிருந்தும் நாம் இறக்குமதி செய்தது மற்றதை.

அட்டையின் பின்பக்கம் இன்னும் அழுத்தமானது. 1864ஆம் ஆண்டு, மிச்சிகன் கிழக்கு மாவட்டத்துச் சமஷ்டி நீதிமன்றப் பதிவகத்தில், சோஜர்னர் ட்ரூத்தின் பெயரில் இப்படம் பதிவு செய்யப்பட்டதாக அங்கே அச்சிடப்பட்டுள்ளது. அதாவது பதிப்புரிமை. பொதுவாக இத்தகைய அட்டைகளிற் படப்பிடிப்பாளரின் பெயரே இருக்கும். எடுக்கப்பட்டவருக்கு உரிமை கிடையாது. நிழற்படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னதே 1865இல்தான். அதற்கு முந்திய வருடமே, தம் பெயரை எழுதத் தெரியாத ஒருவர், தம் முகம் தம்முடையது என்று நீதிமன்றப் பதிவேட்டில் எழுதுவித்துவிட்டார். 1828இல் பிள்ளையை மீட்கப் படியேறியவருக்கு நீதிமன்றம் புதிய இடமல்ல.

அக்காலத்தில் அதே வகை அட்டையில் வேறொரு படமும் நாடெங்கும் சுற்றியது. தோட்டத்திலிருந்து தப்பிவந்த ஒருவரின், சவுக்கடியால் பிளந்து புடைத்த முதுகு. 1863இல் லூசியானாவில் எடுத்தது. அடிமைமுறையின் கொடுமையை அது கோடிப்பேருக்குக் காட்டியது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் யார், பெயர் என்ன என்பதில் இன்றும் இழுபறி. எமக்குத் தெரிவது முதுகு மட்டுமே. சோஜர்னர் ட்ரூத்திடமும் காட்டுவதற்குத் தழும்பு இருந்தது. காட்டியிருந்தால் படம் இன்னும் அதிகம் விற்றிருக்கலாம். 1858இல் இந்தியானா மாநிலத்துக் கூட்டமொன்றில், நீ ஆணா பெண்ணா என்று ஆண்கள் கூச்சலிட்டு அவரிடம் உடம்பையே சாட்சியாகக் கேட்டதும் நடந்ததுதான். அவ்வளவையும் கண்டவர் கழுத்துவரை மூடிக்கொண்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துன்பப்பட்டவரிடமிருந்து துன்பத்தை மட்டுமே வாங்கிக்கொள்ள விரும்பும் ஆதரவாளருக்கு அவர் கொடுத்த பதில் அது.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒன்று: படமும் இன்னொருவர் எடுத்ததுதானே, மேசையும் பூவும் நிழற்படக் கூடத்துத் தட்டுமுட்டுத்தானே, புத்தகம் படிக்கத் தெரியாதவர் முன்னே புத்தகம் எதற்கு? உண்மை. ரொபின்சனின் பத்திரிகையும் கில்பேட்டின் புத்தகமுங்கூட அந்நியக் கைகளில் பிறந்தவையே. எழுதத் தெரியாதவர் விட்டுச் சென்ற எதிலும் இன்னொருவரின் கை பட்டே இருக்கும். கேள்வி, உரியவர் அதை ஏற்றாரா என்பது. படத்தை அவர் ஏற்றார், விற்றார், தம் பெயரிற் பதிந்தார். புத்தகத்தைச் சரியான வரலாறு என்றார். கொச்சையை மறுத்தார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மற்றது: வாக்கியம் பொய்யாகவே இருக்கட்டும், அது எத்தனை பெண்களுக்குத் தைரியம் தந்தது! இந்த வாதத்தைக் கேட்கும்போது எனக்கு உடம்பு எரிகிறது. அவருடைய தைரியம் போதாதா? மகனுக்காக வழக்காடியது போதாதா? 1865இல் வொஷிங்டன் நகரத்துக் குதிரை ட்ராமில் ஏறியபோது கண்டக்டர் தள்ளித் தோளைக் காயப்படுத்த, அவரைக் கைதுசெய்வித்து வேலையையும் இழக்கச் செய்தது போதாதா? விடுதலை பெற்றவர்களுக்கு மேற்கே நிலம் கொடு என்று 1870 முதல் கையொப்பம் திரட்டிக்கொண்டு அலைந்தது போதாதா? இவ்வளவும் நடந்தவை. நடந்ததை ஒதுக்கிவிட்டு நடவாததில் தைரியம் தேடுவது, அந்தப் பெண்மணிமேல் வைத்த மதிப்பாகாது. அவரை வைத்து நாம் சுகங்காணும் வேலை அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், என் தொழிலின்மேலேயே பழி வந்தாலும் பரவாயில்லை. இவரைப் பற்றி எழுதுவோர் 'எழுத்தறிவற்றவர்' என்று தொடங்கி 'ஆயினும்' என்று தொடர்வார்கள். ஆசிரிய கலாசாலை வாசலை மிதித்த நாள் முதல் எமக்கெல்லாம் கைநாட்டு என்பது ஒரு நோயின் பெயர்போலவே சொல்லித்தரப்பட்டது. எழுத்தின் அருமையை நான் மறுத்தால் நாளைக்கு எனக்குச் சம்பளமில்லை. ஆனால் நூல் வெளியிட்டு, படம் பதிப்பித்து, பதிப்புரிமை பெற்று, பத்திரிகைக்கு மறுப்பும் கொடுத்த ஒருவரை 'ஆயினும்' போட்டுப் பாராட்டுவது எந்த வகைப் பாராட்டு? அச்சு என்பது எப்படி வேலை செய்கிறது என்று அவரைச் சுற்றியிருந்த எழுத்தாளர் பலரைவிட அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

2009 ஏப்ரலில் வொஷிங்டன் கப்பிட்டல் கட்டடத்தில் அவருடைய மார்பளவுச் சிலை திறந்துவைக்கப்பட்டது. அங்கே சிலையாக வைக்கப்பட்ட முதற் கறுப்பினப் பெண் அவர். சிற்பிக்கு வழிகாட்டியவை அவர் விற்ற அந்தச் சில்லறைப் படங்கள். தலைக்கட்டும் சால்வையும் அப்படியே இருக்கின்றன. முகத்தைப் பொறுத்தவரை அவர் கேட்டது கிடைத்துவிட்டது. குரல்தான் இன்னும் கேஜ் அம்மையாரிடம் அடைவில் இருக்கிறது.

ஆகவே எமது சஞ்சிகைகளில் இப்படத்தை இனிப் போடுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. வழக்கம்போல் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கொட்டை எழுத்தில் அடிக்க வேண்டாம். அட்டையை முழுதாகப் போடுங்கள். கையும் நூலும் தெரியட்டும், அடியில் உள்ள வாசகத்தைத் தமிழில் தாருங்கள், இடமிருந்தால் பின்பக்கத்தையும் அச்சிடுங்கள். 1864, மிச்சிகன், அவருடைய பெயர்.